படகு கொடுத்தால் ஆச்சா?

ஜனவரி 9 – இந்த இணைய உரையாடல் இழைக்குக் கடலூரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

வெளிநாட்டில் ஒரு பெரிய தொழிலதிபர். லீவு நாளில் சொந்தப் பாய்ப்படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறவர். மாற்றுத்திறனாளிகளுக்குப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஓர் அறக்கட்டளைக்குப் புரவலராக இருக்கிறாராம். படித்தவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்கிறார்கள். என் தங்கை மகளுக்கு இரண்டு காலும் வராது. அவளை டவுன் பஸ்ஸில் ஏற்றவே இரண்டு பேர் வேண்டும். இதில் கடல் ஒரு கேடா? பணக்காரருக்குப் பொழுதுபோக்கு, கூடவே கொஞ்சம் புண்ணியக் கணக்கு. நான் சொல்வது தப்பா?

ஜனவரி 9, இரவு

தப்பில்லை. நானும் உங்கள் கட்சிதான்.

ஒன்றரை வயதில் போலியோ, இடது காலில் கேலிப்பர் என்கிற இரும்புத் தாங்கி. பிறந்தது கடலூர், பிழைப்பது புதுச்சேரி. சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சில வருஷம் முன்பு டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு, வேறொரு கம்பெனி எங்களில் இருபது பேரைப் படகுச் சவாரிக்குக் கூட்டிப்போனது. படகுத்துறைக்கும் படகுக்கும் நடுவே இரண்டடி இறக்கம். அதில் எப்படி இறங்குவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் அக்குளில் கைகொடுத்தான், இன்னொருவன் காலைத் தூக்கினான். "பிடிச்சிக்க சார், பிடிச்சிக்க." எதைப் பிடிக்க? அரிசி மூட்டை எதைப் பிடிக்கும்?

இறக்கிவிட்டு ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டினார்கள். பேனரை எங்கள் மடியில் விரித்தார்கள். முதலாளி கரையில் நின்று கையசைத்தார். மோட்டார் படபடவென்று பத்து நிமிஷம் ஓடியது, திரும்பினோம், மறுபடி மூட்டை. சாப்பாட்டுப் பொட்டலம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அன்றிலிருந்து கடல், படகு, அறக்கட்டளை என்று யார் ஆரம்பித்தாலும் எனக்கு அக்குள் வலிக்கும்.

ஜனவரி 10

ஒரு திருத்தம். பத்து நிமிஷம் இல்லையாம், ஆறு நிமிஷம்தானாம். வீட்டில் பழைய போட்டோக்களை எடுத்து நேரம் பார்த்துச் சொல்கிறார்கள். போட்டோவுக்கு நின்ற நேரம் இருபத்து மூன்று நிமிஷம்.

ஜனவரி 14

பொங்கல் லீவு. கரும்பைக் கடித்துக்கொண்டே இந்த வெளிநாட்டு முதலாளிகள் சமாசாரத்தைத் தேடிப் படித்தேன். கொஞ்சம் தடுமாறித்தான் போனேன்.

மைக் பிரவுன் என்று ஓர் ஆங்கிலேயர். 'ஸ்னோ அண்ட் ராக்' என்று மலையேற்றம், பனிச்சறுக்குக்கான சாமான் விற்கும் கடைகளை நடத்தியவர். அந்தப் பனிச்சறுக்கிலேயே அடிபட்டு முதுகுத்தண்டு போய்விட்டது. மனிதர் அதற்கப்புறம் 60 அடிப் பாய்ப்படகு ஒன்றைக் கட்டச் சொல்கிறார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதை ஓட்ட முடியவேண்டும் என்பது கட்டளை. வரைந்தவர் நிக் பெய்லி. லண்டன் ஐ ராட்டினத்தில் ஆட்கள் நிற்கும் கண்ணாடிக் கூண்டு இருக்கிறதே, அதை வடிவமைத்தவர். மேல்தளத்தில் சக்கர நாற்காலி சுற்றிச் சுற்றி வரலாம். எங்கும் படி கிடையாது. பாயை ஏற்ற, இறக்க, இறுக்க எல்லாம் சுக்கான் பக்கத்திலேயே பொத்தான்கள். பெயர் 'இம்பாசிபிள் ட்ரீம்'. பெயரில் மட்டும் கொஞ்சம் சினிமா வாடை.

ஜெஃப் ஹோல்ட் என்பவர் 1984-இல், 18 வயதில், கரீபியன் தீவு ஒன்றின் கடற்கரையில் ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாகக் குதித்து, நெஞ்சுக்குக் கீழே செயலிழந்தவர். 2009 டிசம்பரில் இதே படகில் அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பினார். கூட ஒரு பராமரிப்பாளர், ஒரு கேமராக்காரர். படகை அவர்கள் தொடக்கூடாது. 2010 ஜனவரியில் போய்ச் சேர்ந்த இடம், 25 வருஷம் முன்பு குதித்த அதே கடற்கரை.

இங்கே பணம் போட்டவரே நாற்காலியில் இருப்பவர். அதனால்தான் படி இல்லை. எங்கள் பேனர் முதலாளிக்கு அந்த இரண்டடி இறக்கம் கண்ணிலேயே பட்டிருக்காது. நல்ல மனிதராகவே இருக்கலாம். அவர் கால்தான் தாண்டிவிடுகிறதே.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? அந்தப் படகு ஒரு கேட்டமரான். கட்டுமரம்! கடலூர் தேவனாம்பட்டினத்தில் மணலில் கிடந்த நம்ம கட்டுமரம்தான் அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கிறது.

ஜனவரி 15

காலையிலேயே மூன்று பேர் திட்டிவிட்டார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். பெயர் மட்டும்தான் நம்முடையது. நம்ம கட்டுமரம் மரத்துண்டுகளைக் கயிற்றால் வரிந்து கட்டியது, மிதவை ஜாதி. வெளிநாட்டுக் கேட்டமரானுக்கு இரண்டு தனித்தனி உடல், நடுவில் பாலம். அந்த வடிவம் பசிபிக் தீவுக்காரர்கள் கொடுத்தது. வெள்ளைக்காரன் இங்கே பார்த்ததன் பெயரை அங்கே இருந்ததற்கு ஒட்டிவிட்டான். பொங்கல் மப்பில் எழுதிவிட்டேன்.

ஜனவரி 21

கட்டுமரம் என்றதும் ஞாபகம் வந்தது. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. கூடப் படித்தவன் தேவனாம்பட்டினத்துப் பையன். அவன் அப்பாவை நானும் அப்பா என்றே கூப்பிடுவேன். ஒரு மாசி மாதக் காலை, அவர் என்னைப் பார்த்து "வரியாடா?" என்றார். கேலிப்பரைக் கழற்றச் சொன்னார். "அந்த இரும்பு உன்னை நேரா அடிக்குக் கூட்டிட்டுப் போயிரும்."

கழற்றினேன். ஷூவோடு சேர்ந்த கேலிப்பர், அதனால் மணலில் அது பாட்டுக்குத் தனியாக நின்றது. யாரோ ஒருவனின் கால் மட்டும் கரையில் காத்திருப்பது மாதிரி. ஒரு நாய் வந்து மோந்துவிட்டுப் போனது.

கட்டுமரத்தில் பக்கச்சுவர் கிடையாது. தண்ணீர் கீழே இருந்தும் வரும், மேலே இருந்தும் வரும், உட்கார்ந்த இடம் எப்போதும் ஈரம். அலை தாண்டும் வரைக்கும் அவர் முழங்காலால் என்னை அழுத்திப் பிடித்திருந்தார். தாண்டியதும் விட்டுவிட்டார். அவரும் முட்டி போட்டுத்தான் துடுப்பு வலித்தார். அவர் மகனும் அப்படியே. அப்போதுதான் பார்த்தேன், அந்த மூன்று மரத்தின் மேல் யாருக்கும் காலுக்கு வேலையே இல்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தவன் நான்.

பின்பக்கத் துடுப்பை என் கையில் கொடுத்தார். இப்படி வெச்சா அப்படிப் போகும் என்று ஒரு தடவை காட்டினார். அவ்வளவுதான் பாடம். நான் தப்பாகப் பிடித்தேன், மரம் குறுக்கே திரும்பியது, ஓர் அலை மூன்று பேர் மூஞ்சியிலும் அறைந்தது. அவர் துப்பிவிட்டு, "சரி, மறுபடி" என்றார். துடுப்பை வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த "சரி, மறுபடி"யை அதற்கப்புறம் என்னிடம் யாரும் அதிகமாகச் சொன்னதில்லை. "விடு, நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள், அதனால் கோபிக்கவும் முடியாது.

ஜனவரி 22

கேட்டவர்களுக்கு: ஆமாம், வீட்டில் உதை விழுந்தது. படகில் போனதற்கு இல்லை, ஈரக்காலோடு கேலிப்பரை மாட்டியதற்கு. உப்புத்தண்ணீர் பட்ட தோல் பட்டை காய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. திருகாணியெல்லாம் துரு. மாற்ற அப்பா மெட்ராஸ் வரைக்கும் போய்வந்தார்.

பிப்ரவரி 2

இழை தடம் மாறுவதற்குள் பணத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன், என் தொழில் அது.

நம்ம ஊரில் கம்பெனிகள் சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பொறுப்புக்கான செலவு செய்வது பெருந்தன்மையால் மட்டும் இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்டாலே முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்க வேண்டும். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று ஏழாம் அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. அதில் பாராலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி என்றே ஒரு வரி உண்டு. ஆக, கடலூர் நண்பரே, ஒரு தொழிலதிபர் மாற்றுத்திறனாளிப் பாய்ப்படகுக்குப் பணம் தருவது புண்ணியக் கணக்கு இல்லை, வெறும் கணக்கு.

பிப்ரவரி 3

மாட்டிக்கொண்டேன். பாய்ப்படகு இப்போது பாராலிம்பிக்கில் இல்லை. 1996 அட்லாண்டாவில் காட்சிக்காக வைத்தார்கள், 2000 சிட்னியிலிருந்து பதக்கம் கொடுத்தார்கள், 2016 ரியோவோடு எடுத்துவிட்டார்கள். டோக்கியோவில் இல்லை, பாரிஸிலும் இல்லை.

பிப்ரவரி 3, மறுபடி

ஆனால் அதே வரியில் ஒலிம்பிக் விளையாட்டுகளும் தேசிய அளவில் அங்கீகரித்த விளையாட்டுகளும் இருக்கின்றன. பாய்ப்படகு ஒலிம்பிக்கில் இருக்கிறதே, நம்ம சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோவுக்குப் போனாரே. ஆக ஆடிட்டருக்குப் பதில் சொல்லிவிடலாம். அது தவிர மாற்றுத்திறனாளிகளின் கல்வி, தொழில்திறன் என்று தனி வரியும் உண்டு.

சுவாரசியமான விஷயம் வேறு. 2021-இல் விதியை மாற்றினார்கள். சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கும் சொத்து கம்பெனி பெயரில் இருக்கக்கூடாது. பதிவுபெற்ற அறக்கட்டளையோ சங்கமோ பயனாளிகளின் குழுவோ அரசு அமைப்போதான் வைத்துக்கொள்ளலாம். அதாவது முதலாளி தனக்குப் பிடித்த படகை வாங்கி, வாரத்தில் ஒருநாள் நம்மை ஏற்றிவிட்டு, மீதி ஆறு நாள் தானே ஓட்ட முடியாது. படகு நம் பெயரில் இருக்க வேண்டும், சாவியும் நம்மிடம். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு சட்ட விதியைப் படித்து நான் சிரித்தது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 9

தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டது: "படகு கொடுத்தவங்களை நாங்க பாத்ததில்லையா?"

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் இந்தக் கரையில் இருந்த யாருக்கும் இது புரியும். கட்டுமரம் போனவருக்கு பைபர் படகு வந்தது. கட்டுமரமே இல்லாதவருக்கும் வந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொடுத்தவர் பெயர், பெரிய எழுத்தில். சிலது நன்றாக ஓடியது. சிலது ஒரே வருஷத்தில் வெடிப்பு விட்டது. ஆள் இல்லாமல், இஞ்சின் இல்லாமல் மணலிலேயே வெளுத்த படகுகளை நானே பார்த்திருக்கிறேன். மீன் காயப்போட வசதியாக இருந்தது என்று ஒரு பாட்டி சொன்னார்.

கொடுக்கிற அன்றைக்குப் படகு. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் கயிறு, பாய், பெயின்ட், கொட்டகை, காவல், ஆள் சம்பளம். புயல் வந்தால் மறுபடி முதலிலிருந்து. 2011 டிசம்பர் 30 தானே புயலில் என் வீட்டு ஓடே பறந்தது, படகுக்கொட்டகை எம்மாத்திரம். மெரினாவில் சக்கர நாற்காலி கடல் வரைக்கும் போக 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்களே. 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள், இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து கடல்பக்கத்தைப் பிய்த்துப்போட்டது. சரிசெய்தார்கள். கடற்கரையில் எதைக் கட்டினாலும் சரிசெய்யும் காசையும் சேர்த்து எடுத்துவைக்க வேண்டும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் 1978-இல் ஜூபிலி செயிலிங் டிரஸ்ட் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். சின்னப் படகு இல்லை, மூன்று பாய்மரம் நட்ட பெரிய கப்பல்கள். முதலில் 'லார்ட் நெல்சன்', 2000-இல் 'டெனேஷியஸ்'. கப்பலில் வேலை செய்பவர்களில் பாதி மாற்றுத்திறனாளிகள், பாதி மற்றவர்கள், இரண்டிரண்டு பேராக ஜோடி. பார்வையற்றவர் சுக்கான் பிடிக்கத் திசையைச் சொல்லும் பேசும் காம்பஸ். ஆசைப்பட்டால் நாற்காலியோடு பாய்மரத்தில் ஏற்றிவிடுவார்கள். இத்தனை இருந்தும் 2019-இல் பத்து லட்சம் பவுண்டு இல்லாவிட்டால் மூட வேண்டும் என்று கூவினார்கள். ஒரு வாரத்துக்குள் ஜனங்கள் கொட்டிக் கொடுத்தார்கள். 2023-இல் மூடியே விட்டார்கள். 45 வருஷம் ஓடியது என்றும் சொல்லலாம்.

'இம்பாசிபிள் ட்ரீம்' கதை வேறு. அதைப் பிறகு வாங்கியவர் டெபோரா மெலன் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவரும் சக்கர நாற்காலிக்காரர்தான். மயாமியில் 'ஷேக் எ லெக்' என்ற அமைப்பிடம் விட்டிருக்கிறார், அவர்கள் ஆட்களை ஏற்றி ஓட்டுகிறார்கள். ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்குப் போயிருக்கிறது படகு.

பிப்ரவரி 18

பாரிசிலிருந்து ஒரு புதுச்சேரிக்காரர். இவர் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பிரெஞ்சுப் பென்ஷன், குடும்பமே அங்கே. "கால் இல்லாதவங்களையே பேசுறீங்களே, கை இல்லாதவன் உலகத்தையே சுத்தியிருக்கான்" என்று டாமியன் செகாங் பற்றி எழுதியிருக்கிறார். பெயரை நான் வேறு மாதிரி எழுதியிருந்தேன், அவர் மூக்கால் பேசிக் காட்டித் திருத்தினார்.

பிறவியிலேயே இடது கை மணிக்கட்டோடு சரி. 2004-லும் 2016-லும் பாராலிம்பிக் தங்கம். ஓடியது 2.4 மீட்டர் வகுப்பு என்கிற ஒற்றை ஆள் படகில். அந்தப் படகில் நாலு அடி உயரக்காரரும் ஆறு அடிக்காரரும், கால் இருப்பவரும் இல்லாதவரும் ஒரே பந்தயத்தில் மோதலாம், ஏனென்றால் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவே தேவையில்லை. 2020-21 வெண்டே குளோப், தனி ஆளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் பந்தயம், அதில் ஏழாவது இடம். அவருக்குப் பணம் போட்டது அபிசில் என்கிற காப்பீட்டுக் குழுமம். காப்பீட்டுக்காரர்! நம்ம ஊரில் கேலிப்பர் போட்டவன் பாலிசி கேட்டால் ஏஜென்ட் மேலும் கீழும் பார்ப்பான்.

மார்ச் 3

இதைச் சொல்லாமல் ஒரு மாதமாக மறைத்துவைத்திருந்தேன். எங்கள் கம்பெனி முதலாளியும் பாய்ப்படகு ஓட்டுகிறவர்தான். பழைய இரண்டு ஆள் பைபர் படகு ஒன்று வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பம் ஆற்றில் விடுவார். யாரோ இந்த இழையை அவரிடம் காட்டிவிட்டார்கள். கேபினுக்குக் கூப்பிட்டார். வேலை போச்சு என்று நினைத்தேன். "மூட்டை கதை நம்ம கம்பெனியா?" என்றார். இல்லை சார் என்றேன். "நாமளும் அதைத்தான் செஞ்சிருப்போம்" என்றார். அப்புறம், "ஞாயித்துக்கிழமை வாங்க. எங்கே தப்புன்னு காட்டுங்க."

வில்லியனூர்த் தம்பி ஒருவரையும் கூட்டிப்போனேன். கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கை ஒவ்வொன்றும் உலக்கை. சக்கர நாற்காலி தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும் வந்தது. அங்கிருந்து தண்ணீர் பதினைந்து அடி. அந்தப் பதினைந்து அடியும் களிமண். முதலாளி செய்துவைத்திருந்த ஏற்பாடு ஒரு பலகை. நாற்காலி அதில் ஏறியதும் பலகை ஒரு பக்கம் புதைந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பதினைந்து வருஷமாக அந்தக் கரையில் இறங்குகிறார், அது களிமண் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த வீராம்பட்டினத்துப் பையன்கள் லாரி டியூப் ஒன்றை உருட்டிவந்தார்கள். தம்பியே கையை ஊன்றி நாற்காலியிலிருந்து அதற்கு மாறினார். டியூப்பைச் சேற்றின் மேல் இழுத்தார்கள், தண்ணீர் வந்ததும் அது மிதந்தது, படகோரம் வந்தது, மறுபடி கையை ஊன்றி உள்ளே. யாரும் அவரைத் தூக்கவில்லை. என்னையும்தான்.

அடுத்த சிக்கல் படகுக்குள். சாதாரணப் பாய்ப்படகில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் உடம்பைச் சாய்த்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கவிழும். திரும்பும்போதெல்லாம் பாய்க்கழிக்குத் தலை குனிந்து எதிர்ப்பக்கம் தாவ வேண்டும். தம்பியால் தாவ முடியாது. அவரை நடுவில், கீழே, மெத்தை போட்டு உட்காரவைத்தோம். சுக்கான் கம்பும் பாய்க்கயிறும் அவர் கையில். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முதலாளி இடமும் வலமுமாகத் தாவினார். ஐம்பத்தெட்டு வயது, நல்ல தொப்பை. அன்றைக்கு அவருக்கு வேலை மணல்மூட்டை வேலை.

சாயங்காலக் கடல்காற்று. தம்பி இரண்டு தடவை சரியாகத் திருப்பினார். மூன்றாவது தடவை கயிற்றை விட மறந்து நேராகச் சதுப்புச் செடிக்குள் கொண்டுபோய்ச் செருகினார். பாயெல்லாம் இலை. முதலாளியின் கை சுக்கானை நோக்கிப் பாதி தூரம் வந்தது. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பாதி தூரம் வந்து நின்றது. அப்புறம் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தம்பி துடுப்பால் சேற்றை உந்தி வெளியே வர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் இரண்டு பேரும் பேசவில்லை.

கரைக்கு வந்ததும் தம்பி சொன்னது: "சார், நான் கட்டின சுவரே இவ்ளோ கோணலா போனதில்ல."

நான் ஓட்டினேனா? ஓட்டினேன். ஒன்பது திருப்பம். அதைப் பற்றி எழுத வரவில்லை.

மார்ச் 4

இரண்டாம் யோசனை. நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யாரும் உடனே கிளம்பிவிடாதீர்கள். ராத்திரி தம்பி வீட்டில் பார்த்தால் அவர் இடுப்பெலும்பு மேல் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு. உணர்வு இல்லாததால் மெத்தைக்கு அடியில் மடங்கிக் கிடந்த கயிறு அவருக்குத் தெரியவில்லை. இன்று காலை வடிந்துவிட்டது. வடியாமல் போயிருந்தால் படுக்கைப்புண், மாதக்கணக்கில் குப்புறப் படுக்கை. தப்பு என்னுடையது. எனக்கு உணர்வு உண்டு, அதனால் தோன்றவில்லை. களிமண் தெரியாத முதலாளியைச் சிரித்தேனே, அதுவேதான் இது.

வெயிலும் அப்படித்தான். கழுத்துப் பக்கம் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குக் கீழே வியர்க்காது, உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். நனைத்த துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சித்திரையில் பேசவே வேண்டாம்.

மார்ச் 11

மாற்றுத்திறனாளிகளும் ஓட்டக்கூடிய ஹன்சா படகு பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. ஆஸ்திரேலியாக்காரர் கிறிஸ் மிட்சல் வடிவமைத்தது. சின்னது 2.3 மீட்டர், இரண்டு பேர் அமர்வது 3.03 மீட்டர். ஊஞ்சல் மாதிரித் துணி இருக்கை, தாழ்வாக, முன்னே பார்த்தபடி. அடியில் கனமான பலகை தொங்குவதால் சாய்ந்தாலும் கவிழாது, தாவவும் வேண்டாம். சுக்கானுக்குக் கம்புக்குப் பதில் ஜாய்ஸ்டிக். காற்று ஏறினால் பாயை மரத்திலேயே சுருட்டிக் குறைக்கலாம். கையும் வராதவர்களுக்கு ஸ்ட்ராவை ஊதி உறிஞ்சிப் படகோட்டும் கருவி இருக்கிறது. ஹிலரி லிஸ்டர் என்ற பெண்மணி, தலை மட்டும் அசையும், 2005-இல் அப்படித்தான் ஆங்கிலக் கால்வாயைத் தனியாகக் கடந்தார். 2009-இல் பிரிட்டனையே சுற்றினார்.

முதலாளி இரண்டு ஆள் படகுக்கு விலை விசாரிக்கிறார். முதலில் அந்தப் பதினைந்து அடிக்குச் சாய்தளம் சார் என்றேன். "படகுன்னா திறப்பு விழா வைக்கலாம், சாய்தளத்துக்கு யார் வருவா?" என்றார், சிரித்துக்கொண்டே. பாதி நிஜம்.

மார்ச் 17

கடலூர் நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார். முழுதாகக் கட்சி மாறவில்லை. பஸ்ஸில் ஏற முடியாத ஊரில் படகு எதற்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது என்கிறார். நிற்கட்டும், அது நல்ல கேள்வி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் பஸ்ஸும் இருக்கிறது, விளையாட்டும் இருக்கிறது, ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் கழிக்கச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரியில் கேட்டிருக்கிறார்: "தங்கச்சி மகளுக்கு வயசு பதினாலு. கூட்டிட்டு வரலாமா? அவதான் படிச்சிட்டு நச்சரிக்கிறா."

வரலாம். ஞாயிறு காலை. கச்சான், அதாவது மேல்காற்று, பலமாக அடிக்கும் நாள் என்றால் சனிக்கிழமை ராத்திரியே சொல்லிவிடுவேன், கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்றில் புது ஆளை விடுவதில்லை. அவள் தினமும் உட்காரும் மெத்தையையே கொண்டுவாருங்கள், புதிது வேண்டாம். கேலிப்பர் இருந்தால் கரையில் கழற்றி வைக்க ஒரு பிளாஸ்டிக் பை. தொப்பி, நீர்மோர், மாற்றுத்துணி. லாரி டியூப் இங்கே இருக்கிறது, காற்றடித்து வைக்கச் சொல்கிறேன். நீங்கள் கரையில்தான் நிற்க வேண்டும், முதலாளி வேறு கனம், மூன்றாவது ஆளைப் படகு தாங்காது.

ஒன்பதரைக்குள் வந்துவிடுங்கள். பத்தரைக்கு மேல் ஓதம் வடிந்து, அந்தப் பதினைந்து அடி இருபத்தைந்து ஆகிவிடும்.